கிளப் பந்தயங்களில் விதி காத்த வரலாறு

மோட்டார்ப் பந்தயம் என்றவுடனே உலகச் சாம்பியன்களும், கோடிக்கணக்கில் பொருள் செலவிடும் கம்பெனிகளும், பத்திரிகைகளின் ஆரவாரமும் நினைவுக்கு வருவது இயல்பேயானாலும், அந்தப் பெரும் பந்தயங்களுக்கு வெகு தூரத்தில், வாரம் முழுவதும் காரியாலயத்திலோ பட்டறையிலோ உழைத்துவிட்டு, விடுமுறை நாளில் தம் கையால் செப்பனிட்ட காரைத் தாமே ஓட்டி, ஒரு சிறு கோப்பையைத் தவிர வேறு ஊதியம் எதையும் எதிர்பாராத சாதாரண மனிதர்களின் கிளப் பந்தயங்கள் நெடுங்காலமாக நடைபெற்றுவருகின்றன. இவற்றின் சரித்திரத்தை ஆராயப் புகுவோருக்கு, யார் எந்த வருஷம் வென்றார் என்ற ஜாபிதாவைக் காட்டிலும், விதிக்குப் புறம்பாகக் காரை மாற்றியமைத்தவர்களை அந்தக் கிளப்புகள் எவ்விதம் எதிர்கொண்டன என்ற விஷயமே அதிகச் சுவை தருவதாக இருக்கும். பரிசுப் பணமே இல்லாத போட்டியில் ஒருவர் ஏன் மோசம் செய்யத் துணிய வேண்டும் என்று கேட்கலாம். பணம் இல்லாத இடத்தில் பெயர் ஒன்றே லாபமாகிவிடுகிறது. அந்தப் பெயருக்காக எதையும் செய்யத் துணிபவர் எக்காலத்திலும் உண்டு. தொழில்முறைப் பந்தயத்தில் வஞ்சிக்கப்பட்டவர் வழக்காடுவார், ஒப்பந்தத்தைக் காட்டி நஷ்டஈடு கேட்பார். கிளப் பந்தயத்தில் வஞ்சிக்கப்பட்டவரோ ஒன்றும் பேசாமல் காரை விற்றுவிட்டு அடுத்த வருஷம் வராமல் நின்றுவிடுவார். வரிசையின் கடைசியில் நிற்கும் அந்த மனிதரை இழந்துவிடாமல் காப்பதற்காகவே இந்த விதிகளெல்லாம் தோன்றின என்பது என் துணிபு. அவரை எவ்வளவு தூரம் காத்தது என்பதைக் கொண்டே ஒவ்வொரு விதியையும் மதிப்பிட வேண்டும் என்றும் கருதுகிறேன்.

இங்கிலாந்தில் வேபிரிட்ஜ் என்னும் ஊருக்கு அருகே 1907ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட புரூக்லாண்ட்ஸ் ஓடுபாதை, மோட்டார்ப் பந்தயத்திற்கென்றே கட்டப்பட்ட பாதைகளில் உலகிலேயே முதலாவது. முன்னுதாரணம் ஏதும் இல்லாத காரணத்தால், அதை நடத்தியவர்கள் குதிரைப் பந்தயத்தின் சம்பிரதாயங்களையே பெரும்பாலும் கைக்கொண்டார்கள். ஆரம்ப காலத்தில் ஓட்டுநர்கள் ஜாக்கிகளைப் போலவே வர்ணப் பட்டுச் சட்டை அணிந்து காரில் ஏறினார்கள் என்றால், அந்தப் பற்று எவ்வளவு ஆழமானது என்பது விளங்கும். குதிரைப் பந்தயத்திலிருந்து அவர்கள் பெற்ற முக்கியமான உபாயம் ஹாண்டிகாப் முறை. மந்தமான காரை முதலில் புறப்படவிட்டு, வேகமான காரைக் கணக்கிட்ட அவகாசத்திற்குப் பின் அனுப்பி, எல்லாக் கார்களும் கடைசிச் சுற்றில் ஏறக்குறைய ஒன்றாக வந்து சேருமாறு செய்வதே இதன் உத்தேசம். எபிள்வைட் என்ற நேரக் கணிப்பாளர் பல்லாண்டுகள் இந்தப் பொறுப்பை வகித்து, ஒவ்வொரு காரின் திறமையையும் மனத்தில் பதித்து வைத்துக்கொண்டு அவகாசங்களை நிர்ணயித்துவந்தார். காரின் உள்ளே என்ன இருக்கிறது என்று இந்த முறை கேட்பதில்லை. எஞ்சினில் எதைச் செருகினாலும், அதனால் கிடைத்த வேகம் ஒருமுறை வெளிப்பட்டுவிட்டால் அடுத்த பந்தயத்தில் அவகாசம் குறைந்துவிடும். ஆயினும், ஆரம்பத்தில் வேண்டுமென்றே மெதுவாக ஓட்டித் தன் சக்தியை மறைத்துக்கொள்பவருக்கு இது வாய்ப்பளித்தது என்பதை மறுப்பதற்கில்லை.

அளவைக் கொண்டு கார்களை வகுக்கத் தொடங்கியபோது வேறொரு வகை விநோதம் நிகழ்ந்தது. எஞ்சினின் சக்தியை நிர்ணயிக்க இங்கிலாந்தின் ராயல் ஆட்டோமொபைல் கிளப் ஒரு சூத்திரத்தை வகுத்தது: சிலிண்டரின் விட்டத்தை அங்குலத்தில் எடுத்து, அதன் வர்க்கத்தைச் சிலிண்டர்களின் எண்ணிக்கையால் பெருக்கி, 2.5ஆல் வகுத்தால் வருவது குதிரைசக்தி. பிஸ்டன் ஏறியிறங்கும் தூரம் கணக்கிலேயே சேராததால், விட்டத்தைக் குறுக்கி ஓட்டத்தை நீட்டினால் காகிதத்தில் சிறிய எஞ்சினும் பாதையில் பெரிய எஞ்சினுமாக ஒன்றையே வைத்துக்கொள்ளலாம் என்று கார் கட்டுவோர் உடனே கண்டுகொண்டார்கள். 1908ஆம் ஆண்டில் மான் தீவில் நடந்த பந்தயம் ஒன்றுக்கு, நான்கு சிலிண்டர் எஞ்சினில் விட்டம் 4 அங்குலத்தைத் தாண்டலாகாது என்பதே முக்கிய விதி. ஆகையால் அப்பந்தயத்திற்கு ‘நாலங்குலப் பந்தயம்’ என்றே பெயர் ஏற்பட்டது. வாட்சன் என்பவர் ஓட்டி வென்ற ஹட்டன் காரில் விட்டம் 4 அங்குலமே. ஆனால் பிஸ்டனின் ஓட்டம் 7 அங்குலம். பிரான்சில் 1910ஆம் ஆண்டின் லயன் பேஜோ பந்தயக் கார் ஒன்றில் இந்தப் போக்கு உச்சத்தை அடைந்தது: 80 மில்லிமீட்டர் விட்டத்திற்கு 280 மில்லிமீட்டர் ஓட்டம். அந்த எஞ்சினின் உயரத்தால், ஓட்டுநர் பாதையைப் பார்ப்பதற்கு அதன் பக்கவாட்டில் எட்டிப்பார்க்க வேண்டியிருந்தது. இவர்களில் எவரும் விதியை மீறவில்லை. விதி எங்கே கண்ணை மூடிக்கொள்கிறதோ அங்கே புத்திசாலிகள் குடியேறுவார்கள் என்பதைப் பந்தயம் நடத்துவோர் அப்பொழுதே அறிந்துகொண்டார்கள். பின்னர் வந்த விதிப்புத்தகங்கள் வருஷந்தோறும் தடித்துக்கொண்டே போனதற்கு இதுவே காரணம்.

அதே சூத்திரம் வரிக்கும் அடிப்படையானபோது, இங்கிலாந்தின் சாதாரணக் குடும்பத்துக் காரையும் அது உருவாக்கியது. ஹெர்பர்ட் ஆஸ்டின், ஸ்டான்லி எட்ஜ் என்ற பதினெட்டு வயது வரைபடக்காரரின் துணையோடு வடித்து 1922இல் வெளியிட்ட ஆஸ்டின் செவன், அந்தக் கணக்கில் எட்டுக் குதிரைசக்திக்குச் சற்றே குறைந்ததனாலேயே அப்பெயர் பெற்றது. விட்டம் 2.2 அங்குலம், ஓட்டம் 3 அங்குலம், கொள்ளளவு 747 கன சென்டிமீட்டர். சேசிஸ் பார்ப்பதற்கு ஒரு ‘A’ எழுத்தின் வடிவம். 1939 வரை ஏறக்குறைய 2,90,000 கார்கள் தயாராயின. இரண்டாம் உலக யுத்தம் முடிந்தபோது இவற்றில் ஆயிரக்கணக்கானவை துருவேறிய நிலையில் கொட்டகைகளிலும் உடைசல் கிடங்குகளிலும் கிடந்தன. சில பவுன்களுக்கு ஒன்று வாங்கலாம். யுத்தத்திற்குப் பின் புரூக்லாண்ட்ஸ் விமானத் தொழிற்சாலைக்கு விற்கப்பட்டுப் பந்தயத்திற்கு என்றென்றும் மூடப்பட்டது. ஆனால் யுத்தத்திற்காகப் போடப்பட்ட விமானத் தளங்கள் நாடெங்கும் சும்மா கிடந்தன. சில்வர்ஸ்டோன், குட்வுட், காஸில் கூம் முதலிய பந்தய மைதானங்கள் யாவும் இவ்விதமாகப் பிறந்தவையே. மலிவான கார் இருந்தது, சும்மா கிடக்கும் பாதை இருந்தது, பெட்ரோலுக்கு மட்டும் 1950 வரை ரேஷன் இருந்தது. இந்தச் சூழ்நிலையில்தான் கிளப் பந்தயம் முழு உருவம் பெற்றது.

‘மோட்டார் ஸ்போர்ட்’ பத்திரிகையின் ஆசிரியரான பில் பாடியின் முயற்சியால், ஆஸ்டின் செவன் அபிமானிகளுக்காக 1939இல் தொடங்கப்பட்ட 750 மோட்டார் கிளப், யுத்தத்திற்குப் பின் ஹாலந்து பர்க்கெட் என்ற கால்நடை மருத்துவரின் உற்சாகத்தால் புத்துயிர் பெற்றது. கையில் பணமில்லாதவர் பந்தயக் காரைத் தாமே கட்டிக்கொள்ள வேண்டும், அந்தக் காரிலேயே பந்தயத் திடலுக்கு வந்து, ஓட்டிவிட்டு, அதிலேயே வீடு திரும்ப வேண்டும் என்பதே அவர்கள் கொண்ட லட்சியம். 1950ஐ ஒட்டி அவர்கள் வகுத்த 750 ஃபார்முலா, சேசிஸும் எஞ்சினும் பிரதான உறுப்புகளும் ஆஸ்டின் செவனுடையவையாகவே இருக்க வேண்டும் என்று விதித்தது. மற்றபடி உடற்கூட்டைத் தட்டுவதிலும், எடையைக் குறைப்பதிலும், சக்கரங்களின் அசைவைத் திருத்துவதிலும் அவரவர் சாமர்த்தியத்திற்கு இடமிருந்தது. விதியின் நோக்கம், பணம் பேசாமல் கை பேச வேண்டும் என்பது. மிகப் பழைய உதிரிப் பாகங்களைக் கொண்டே ஜாக் ஃபிரெஞ்ச் கட்டிய ‘சிம்ப்ளிசிட்டி’ என்ற கார், பெயருக்கேற்ற எளிமையுடன் வெற்றிகளை ஈட்டி, அந்த லட்சியத்திற்கே உதாரணமாகப் பேசப்பட்டது.

இப்படியிருக்கையில், 1951ஆம் வருஷத்துப் பந்தயங்களில் மற்றவர்களையெல்லாம் வெகு தூரம் பின்னே விட்டுச் செல்லும் ஒரு கார் தோன்றியது. அதைக் கட்டியவர், லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் இஞ்சினீயரிங் படித்து, காதலியின் பெற்றோர் வீட்டுப் பின்கட்டில் தம் முதல் காரைச் செய்த, இருபத்து மூன்று வயது காலின் சாப்மன். காரின் பெயர் லோட்டஸ் மார்க் 3. அந்த வேகத்தின் ரகசியத்தைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஏனெனில் கிளப் பந்தய விதிகளின் சரித்திரத்தில் இதைவிடப் பாடம் நிறைந்த அத்தியாயம் வேறொன்றை நான் அறியேன்.

ஆஸ்டின் செவனின் எஞ்சினில் நான்கு சிலிண்டர்கள் உண்டு. ஆனால் காற்றும் பெட்ரோலும் சேர்ந்த கலவை உள்ளே செல்வதற்கு இரண்டே வாய்கள்தான். முதலிரண்டு சிலிண்டர்களுக்கு ஒரு வாய், பின்னிரண்டுக்கு ஒரு வாய். சிலிண்டர்கள் எரியும் வரிசையோ 1, 3, 4, 2 என்று அமைந்திருப்பதால், ஒரே வாயைப் பங்கிடும் இரண்டு சிலிண்டர்களும் அடுத்தடுத்து உறிஞ்ச நேரிடுகிறது. ஒன்று உறிஞ்சி முடிப்பதற்குள் பக்கத்துச் சிலிண்டர் இழுக்கத் தொடங்கி, அதற்குரிய பங்கை அபகரித்துவிடுகிறது. ஆகவே எஞ்சினை எவ்வளவுதான் திருத்தினாலும், நான்கு சிலிண்டர்களும் வயிறு நிரம்பச் சாப்பிடுவது என்பது இயலாத காரியம். குடும்பத்தோடு உலாவச் செல்லும் காருக்கு இது ஒரு குறையே அன்று. பந்தயக்காரர்களுக்கோ இது இயற்கை விதித்த எல்லையாகத் தோன்றியது. வாயைப் பெரிதாக்கலாம், மழமழப்பாக்கலாம். இரண்டை நான்காக்க முடியாது. ஏனென்றால் சிலிண்டர்கள் அமைந்த பிளாக்கை மாற்றக் கூடாது என்பது விதி. சாப்மன் பிளாக்கை மாற்றவில்லை. தமக்கு உதவிய ஆலன் சகோதரர்களோடு சேர்ந்து உள்வாய்க் குழாய் ஒன்றைச் செய்து, அதன் நடுவே ஒரு மெல்லிய உலோகத் தகட்டைப் பொருத்தி, அந்தத் தகடு பிளாக்கின் வாய்க்குள்ளேயே நுழைந்து அதை இரண்டாகப் பிரிக்குமாறு அமைத்தார். இரண்டு வாய்கள் நான்காயின. ஒவ்வொரு சிலிண்டரும் தன் பங்கைத் தானே பெற்றது. ஒரு குதிரைசக்தி கூடினாலே கொண்டாடிய அந்தச் சிறு எஞ்சின்களின் மத்தியில், இந்தத் தகடு செய்த வித்தியாசம் பிரமிக்கத்தக்கது.

இது மோசமா, சாமர்த்தியமா? பிளாக் ஆஸ்டின் செவனுடையதே. அதில் ஒரு தூசும் நீக்கப்படவில்லை. வாயினுள் தகடு வைக்கலாகாது என்று விதி எங்கும் சொல்லவில்லை. எழுத்தைப் பார்த்தால் சாப்மன் குற்றமற்றவர். உத்தேசத்தைப் பார்த்தால், எல்லோருக்கும் ஒரே எஞ்சின் என்ற சமத்துவத்தை ஒரு தகட்டால் கலைத்துவிட்டார். கிளப் என்ன செய்தது என்பதில்தான் அதன் பண்பு வெளிப்படுகிறது. அவர் வென்ற பந்தயங்களைப் பறிக்கவில்லை. அவரைக் கள்வர் என்று தூற்றவும் இல்லை. இனி உள்வாய்களை அவ்விதம் பிரிக்கக் கூடாது என்று விதியைத் திருத்தி எழுதிவிட்டு, பழையபடி பந்தயத்தை நடத்தியது. தகட்டை அனுமதித்திருந்தால், அடுத்த வருஷம் ஒவ்வோர் அங்கத்தினரும் அதேபோல் குழாயும் பொருத்தமான கார்புரேட்டரும் செய்துகொண்டாக வேண்டியிருக்கும். பட்டறை வசதி இல்லாதவர் காசு கொடுத்துச் செய்வித்திருப்பார். காசும் இல்லாதவர் வீட்டோடு இருந்திருப்பார். கிளப் காத்தது அந்தக் கடைசி மனிதரை. அதே சமயத்தில், நடந்துபோன வெற்றிக்குப் பின்னோக்கித் தண்டனை விதித்திருந்தால், தாமே யோசித்துத் தாமே செய்யும் இளைஞர்களின் ஊக்கம் முறிந்திருக்கும். அந்த ஊக்கந்தானே அந்தக் கிளப்பின் ஜீவன்! சாப்மன் 1952 ஜனவரி முதல் தேதியில் லோட்டஸ் கம்பெனியைத் தொடங்கியதும், அவர் வழியையே பின்பற்றி எரிக் பிராட்லி ஒரு கிளப் காரைக் கட்டிப் பின்னர் லோலா கம்பெனியை நிறுவியதும், இந்தப் பொறுமையான நடத்தையின் பலன்களே என்று சொல்வது மிகையாகாது. 1981இல் இரட்டைச் சேசிஸ் கொண்ட லோட்டஸ் 88 என்ற காரைச் சாப்மன் உலகப் பந்தயத்திற்குக் கொண்டுவந்தபோது, மற்றக் கோஷ்டிகளின் ஆட்சேபங்களாலும் தகராறுகளாலும் அந்தக் கார் ஒரு பந்தயத்திலும் ஓடாமலே தடைப்பட்டுப் போயிற்று. பெரும் பணம் புழங்கும் இடத்தில் அந்தப் பழைய கிளப்பின் நிதானத்திற்கு இடமில்லை.

அமெரிக்கர்கள் இந்தப் பிரச்னையை வேறு திசையிலிருந்து அணுகினார்கள். 1944இல் பாஸ்டன் நகரில் தோன்றிய அமெரிக்க ஸ்போர்ட்ஸ் கார் கிளப், 1948 அக்டோபரில் வாட்கின்ஸ் கிளென் கிராமத்துத் தெருக்களில் நடந்த பந்தயத்திலிருந்து வேகமாக வளர்ந்து, பணத்திற்கு ஓட்டுபவரை ஏற்பதில்லை என்ற கண்டிப்பை 1960களின் ஆரம்பம் வரை கடைப்பிடித்தது. தெருப் பந்தயங்களில் உயிர்ச்சேதம் நேர்ந்தபின், ஜெனரல் கர்டிஸ் லெமேயின் ஆதரவால், 1952 முதல் சில ஆண்டுகள் அமெரிக்க விமானப்படைத் தளங்களிலேயே அவர்களுடைய பந்தயங்கள் நடந்தன. அங்கத்தினர் தொகை பெருகப் பெருக, ஒருவரையொருவர் அறிந்த சிறு கூட்டத்திற்குப் போதுமான விதிகள் ஒரு கண்டம் முழுதும் பரவிய கிளப்புக்குப் போதவில்லை. ஆகவே கடையில் விற்கும் காரை ஏறக்குறைய அப்படியே ஓட்டும் வகுப்புகளில், ‘அனுமதிக்கப்பட்டது என்று எழுதப்படாத எதுவும் தடுக்கப்பட்டதே’ என்ற கோட்பாட்டை அவர்கள் நிலைநாட்டினார்கள். சாப்மனின் தகடு இந்தப் புத்தகத்தின்கீழ் முதல் நாளே குற்றமாகியிருக்கும். கற்பனையை அடக்கும் விதிதான் இது. ஆனால் இரண்டு மூன்று வருஷத்துச் சேமிப்பைக் கொண்டு ஒரு காரை வாங்கியவருக்கு, எதிரியின் கற்பனைக்குத் தாம் கப்பம் கட்ட வேண்டியதில்லை என்ற நிம்மதியை இது அளித்தது.

எழுதினால் மட்டும் போதுமா? பந்தயத்திற்கு முன் நடக்கும் பரிசோதனை பெரும்பாலும் உயிர்க் காப்புக்குரியது. பிரேக், பெல்ட், தலைக்கவசம், தீயணைப்பான், உருளும்போது காக்கும் இரும்புக் கூண்டு ஆகியவற்றைப் பார்த்துவிட்டுப் பரிசோதகர் அனுப்பிவிடுவார். எஞ்சினின் வயிற்றுக்குள் இருப்பதை வெளியிலிருந்து காண முடியாது. எல்லா எஞ்சின்களையும் பிரித்துப் பார்க்கவோ, சம்பளமின்றி வந்து உதவும் தொண்டர்களுக்கு நேரமுமில்லை, சக்தியுமில்லை. ஆகவே சந்தேகப்படும் உரிமையைப் போட்டியாளர்களிடமே கொடுத்து, அந்தச் சந்தேகத்திற்கு ஒரு விலையையும் அந்த அமெரிக்கக் கிளப் வைத்தது. எதிரியின் கார் விதிக்குப் புறம்பானது என்று கருதுபவர், எந்த உறுப்பு, எந்த விதி என்று எழுத்துமூலமாகக் குறிப்பிட்டு, கட்டணத்தோடு, அந்த உறுப்பைப் பிரித்துத் திரும்பப் பூட்டுவதற்கு ஆகும் செலவை ஈடாகக் கட்ட வேண்டும். பந்தயம் முடிந்ததும் காவலில் நிற்கும் அந்தக் கார் பிரிக்கப்படும். கார் சுத்தமானது என்றால் அந்த ஈடு காரின் சொந்தக்காரருக்குப் போய்ச் சேரும்; குற்றம் நிரூபணமானால் ஈடு திரும்பி வரும், செலவு குற்றவாளியைச் சாரும். பொறாமையால் எழும் புகாரையும் மெய்யான புகாரையும் பிரிப்பதற்கு இதைவிட நேர்த்தியான உபாயத்தை மோட்டார்ப் பந்தய உலகம் கண்டுபிடித்ததாக எனக்குத் தெரியவில்லை. ஆனால் இதில் ஒரு குறையும் உண்டு: ஈடு கட்டும் பணம் ஏழையிடம் இல்லை. தமக்கு முன்னே போனவர் மோசம் செய்தார் என்று நிச்சயமாக அறிந்தும், எஞ்சினைப் பிரிக்கும் கூலிக்கு வழியின்றி மௌனமாக இருந்துவிடுபவர் எத்தனையோ பேர். அத்தகைய இடங்களில் கிளப்பே தன் செலவில் முதல் சில கார்களைப் பிரித்துப் பார்ப்பதே நியாயம். பெரிய பந்தயங்களில் அவ்வாறு செய்யவும் செய்கிறார்கள்.

பிரித்துப் பார்க்கும்போது அளக்கும் விதங்களும் பல. விட்டத்தையும் ஓட்டத்தையும் அளந்து கொள்ளளவைக் கணக்கிடுவது எல்லாவற்றிலும் எளிது. கேம் ஷாஃப்டின் மேடுகள் வால்வுகளை எவ்வளவு உயர்த்துகின்றன என்று டயல் கேஜ் வைத்துப் பார்ப்பார்கள்; ஃப்ளைவீலை நிறுப்பார்கள்; எரிபொருளில் மாதிரி எடுப்பார்கள்; டயரின் ரப்பர் ரசாயனத்தில் ஊறவைத்து மென்மையாக்கப்பட்டதா என்று கடினத்தைச் சோதிப்பார்கள். ஆனால் எந்த அளவுக்கும் தொழிற்சாலையே சிறிது ஏற்றத்தாழ்வை அனுமதித்திருக்கும் என்ற உண்மையில்தான் நுட்பமான போர் நடக்கிறது. நூற்றுக்கணக்கான பிஸ்டன்களை நிறுத்துப் பார்த்து, சமமான எடையுள்ள நான்கைப் பொறுக்கி, ஒவ்வோர் அளவையும் அனுமதித்த எல்லையின் விளிம்பிலே நிறுத்திக் கட்டப்பட்ட எஞ்சினில் விதிமீறல் ஒன்றும் இராது. அது கடையில் வாங்கிய எஞ்சினைவிட நிச்சயமாக வலியது. அதைக் கட்டுவிப்பதற்கு ஆகும் பணமோ காரின் விலையையே எட்டிவிடும். பணத்தை விலக்குவதற்காகத் தோன்றிய வகுப்புகளில் பணம் இந்த வாசல் வழியே திரும்ப நுழைந்தது.

இதைத் தடுக்கக் கையாளப்பட்ட உபாயங்களில் ஒன்று முத்திரை. 1980களின் நடுவில் அதே அமெரிக்கக் கிளப், ரெனோ எஞ்சின் பூட்டிய ஒரே மாதிரியான பந்தயக் கார்களைத் தன் பொறுப்பிலேயே செய்து விற்று, நம் வீட்டு மின்சார மீட்டருக்கு வைக்கும் ஈய முத்திரையைப் போல எஞ்சினுக்கும் முத்திரையிட்டு, அதை உடைப்பது குற்றம் என்று விதித்தது. பழுது வந்தால் அங்கீகாரம் பெற்றவர்தான் திறக்கலாம். எஞ்சின் பிற்பாடு ஃபோர்டுடையதாக மாறினாலும் இந்த முறை மாறாமல் நீடித்து, அந்தக் கிளப்பில் மிக அதிகம் பேர் ஓட்டும் வகுப்புகளில் ஒன்றாக இருந்துவருகிறது. தாமே கட்டி ஓட்டும் இன்பத்தை இது பறித்துக்கொள்வதால் என் மனம் இதில் முழுமையாக ஒட்டவில்லை. ஆயினும் கடைசி மனிதரைக் காக்கும் விஷயத்தில் இது வெற்றி கண்டது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

மற்றோர் உபாயம் விலைக்குக் கேட்கும் உரிமை. குதிரைப் பந்தயத்தில், குறித்த விலைக்கு எவர் கேட்டாலும் குதிரையைக் கொடுத்துவிட வேண்டும் என்ற நிபந்தனையோடு நடக்கும் ஓட்டங்கள் உண்டு. விலையுயர்ந்த குதிரையை அதில் நுழைத்து எளிதாக வெல்ல எந்தச் சொந்தக்காரரும் துணிய மாட்டார். 1979இல் அயோவா மாகாணத்தின் வின்டன் என்ற ஊரில் தொடங்கி அமெரிக்க மண் பாதைகளில் பரவிய ஒரு வகுப்பு, வென்றவரின் எஞ்சினைச் சில நூறு டாலர்களுக்குத் தோற்றவர் கேட்டு வாங்கிக்கொள்ளலாம் என்று விதித்தது. பல்லாயிரம் டாலர் செலவழித்துக் கட்டிய எஞ்சினை அந்த விலைக்கு இழக்கச் சித்தமாயிருப்பவர் யார்? அளக்கவும் வேண்டாம், பிரிக்கவும் வேண்டாம். மோசத்தின் லாபத்தையே இந்த விதி அழித்துவிடுகிறது. 2006இல் கலிபோர்னியாவில் தொடங்கிய ‘24 அவர்ஸ் ஆஃப் லெமன்ஸ்’ என்ற பந்தயம், கார் 500 டாலருக்குள் அடங்க வேண்டும், மீறியதாகத் தோன்றும் ஒவ்வொரு 10 டாலருக்கும் ஒரு சுற்று அபராதம் என்று வைத்தது. இரும்புக் கூண்டு, பெல்ட் முதலிய உயிர்க் காப்புச் சாதனங்களின் செலவு அந்த 500இல் சேராது என்ற விதிவிலக்கை நான் பெரிதும் மெச்சுகிறேன். சிக்கனத்தின் பெயரால் எவரும் உயிரைப் பணயம் வைக்கலாகாது என்பதை விதியே சொல்லிவிடுகிறது.

எத்தனை உபாயங்கள் இருந்தும் சோதனைக் காலங்கள் வராமலில்லை. மாஸ்டா மியாட்டா என்னும் சிறிய திறந்த காரை ஏறக்குறைய அப்படியே ஓட்டும் வகுப்பு, அமெரிக்காவில் மலிவுக்கும் நெருக்கமான போட்டிக்கும் பெயர் பெற்றது. 2014ஆம் ஆண்டு லகூனா சேகாவில் நடந்த தேசியச் சாம்பியன் பந்தயத்தில், முன்னணியில் வந்த கார்கள் பலவற்றின் சிலிண்டர் ஹெட்டுகளைத் திறந்தபோது, வால்வு இருக்கைக்குக் கீழே வாயின் உட்புற வளைவில் அனுமதிக்கப்படாத கைவேலை காணப்பட்டதாகத் தீர்ப்பாகி, அவை பட்டியலிலிருந்து நீக்கப்பட்டன. அந்த ஹெட்டுகளைச் செய்தவர்களோ கைதேர்ந்த எஞ்சின் பட்டறைக்காரர்கள். இயந்திரத்தால் வெட்டிய விளிம்பைச் சற்று மழுக்கியது எவ்வளவு தூரம் விதிக்குட்பட்டது என்பதில் நேர்மையான கருத்து வேற்றுமையே இருந்தது. பல வருஷங்களாக எல்லோருக்கும் தெரிந்தும் எவரும் தட்டிக்கேளாத பழக்கம் ஒன்று, திடீரென்று ஒரு நாள் குற்றமாக அறிவிக்கப்பட்டது போல ஓட்டுநர்கள் உணர்ந்தார்கள். பின்னர் அந்த வேலைக்கு எதுவரை அனுமதி என்பதை விதியிலேயே தெளிவுபடுத்தினார்கள். 1951இல் கிளப் முதலில் விதியைத் திருத்திவிட்டுப் பின்பு தடுத்தது. 2014இல் முதலில் தண்டித்துவிட்டுப் பின்பு திருத்த நேர்ந்தது. எது நல்ல வழி என்பதில் எனக்கு ஐயமில்லை. மறைவாகச் செய்யப்பட்டதற்குத் தண்டனை வேண்டும். பகிரங்கமாகச் செய்யப்பட்டு, பார்த்தும் பாராமல் விடப்பட்டதற்கு முதலில் எச்சரிக்கையும் திருத்தமுமே வேண்டும்.

நம் நாட்டிலும் இந்தச் சரித்திரத்தின் ஒரு கிளை உண்டு. 1953இல் தோன்றிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், இங்கிலாந்தின் கிளப்புகளைப் போலவே, யுத்த காலத்து விமானத் தளமாகிய சோழவரத்தில் பந்தயங்களை நடத்தியது. அம்பாசிடரும் ஃபியட்டும் ஹெரால்டும் அங்கே சீறிப் பாய்ந்ததைக் கண்டவர்கள் இன்றும் நம்மிடையே இருக்கிறார்கள். அந்நியச் சாமான்கள் எளிதில் கிடைக்காத அக்காலத்தில், பட்டறை மெக்கானிக்கின் கைத்திறனே காரின் திறனாக இருந்தது. பிற்பாடு, கோயம்புத்தூரைச் சேர்ந்த எஸ். கரிவரதன், 1988இல் மாருதி 800 காரின் எஞ்சினைக் கொண்டு ஒரே மாதிரியான ஃபார்முலா மாருதி கார்களைக் கட்டி, வசதி குறைந்த இளைஞர்களுக்கும் பந்தயத்தின் கதவைத் திறந்துவிட்டார். எங்கும் கிடைக்கும் குடும்பக் காரின் எஞ்சினை எடுத்து எல்லோருக்கும் பொதுவாக்குவது என்ற ஆஸ்டின் செவனின் தத்துவமே இங்கும் செயல்பட்டது. நரேன் கார்த்திகேயனின் முதல் பந்தயம் ஸ்ரீபெரும்புதூரில் ஒரு ஃபார்முலா மாருதியில்தான் நடந்தது. கரிவரதனின் பெயரால் கோவையில் ஒரு பந்தயப் பாதை இன்று விளங்குகிறது.

இருங்காட்டுக்கோட்டையிலும் கோவையிலும் இப்பொழுது நடக்கும் பந்தயங்களில் ஓட்டுவோர் பலர் மாதச் சம்பளக்காரர்கள். அவர்களுடைய கார்களைத் திருத்துவோர் பலர் தமிழில் மட்டுமே படித்துப் பழகியவர்கள். ஆகவே, இப்பந்தயங்களை நடத்தும் பெரியோர்களிடம் மூன்று காரியங்களை வேண்டிக்கொள்கிறேன். விதிப்புத்தகத்தைத் தெளிந்த தமிழிலும் அச்சிட்டு, பந்தயம் தொடங்குவதற்குச் சில மாதங்களுக்கு முன்பே மெக்கானிக்குகளின் கையில் கொடுங்கள். விதி வகுக்கும் குழுவில், வென்றவர்களோடு, சென்ற வருஷம் கடைசி இடங்களில் வந்தவர் ஒருவருக்கும் நாற்காலி போடுங்கள். ஒவ்வொரு பந்தயத்திற்குப் பின்னும் எந்தக் கார் பிரிக்கப்பட்டது, என்ன அளக்கப்பட்டது, என்ன காணப்பட்டது என்பதை, குற்றம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், அறிவிப்புப் பலகையில் எழுதி ஒட்டுங்கள்.